தியாகமும் பறிப்பும்

பலர் வாழ்தற்பொருட்டுச் சிலர் இழத்தல் தருமமாமோ என்பது பழைய வினா. ஆறுகளை மறித்து மின்சாரம் எடுக்கும் இக்காலத்திலே அது புதுவலியுடன் எழுகின்றது. ஊரொன்று மூழ்கினும் நாடு ஒளிபெறும், ஆதலின் அவ்வூரார் தியாகஞ் செய்தல் வேண்டும் என்பர் ஆள்வோர். கேட்டற்கினிய இக்கூற்றிலே ஒரு சொற்புரட்டு உளது. அதனை உண்மைச் சரிதமொன்று கொண்டு ஆராய்வாம்.

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவிலே, சிஷோய் ஆற்றிற்கு அணை கட்ட 1970களிலே இராணுவ அரசினர் துணிந்தனர். உலக வங்கி முதலியன கடன் கொடுத்தன. நீர் பரவவேண்டிய பள்ளத்தாக்கிலே ரியோ நெக்ரோ என்னும் ஊர் இருந்தது. அங்கு வாழ்ந்தோர் மாயா மக்களுள் ஆச்சி வகுப்பினர். மாற்றாகக் காட்டிய நிலம் உழவுக்குப் போதாமையின் அவர் பெயர மறுத்தனர்.

மறுத்தமையால் விளைந்தது யாது? 1980இலே, மின்சாரத் துறையினர் அளித்த உறுதிமொழிகள் எழுதிய புத்தகத்தைக் கொண்டு சென்ற ஊர்த்தலைவர் இருவர் கொலையுண்டனர், புத்தகமும் மறைந்தது. 1982 மார்ச்சு 13ஆந் திகதி, படைவீரரும் அயலூர்க் காவற்படையினரும் புகுந்து, 70 பெண்களையும் 107 குழந்தைகளையும் மலைமேல் ஏற்றிக் கொன்றனர். கலகக்காரருக்கு உதவினர் என்பது சாட்டப்பட்ட குற்றம். (குழந்தைகள் செய்த கலகம் யாதோ, அறியேம்.) 1983இலே பள்ளத்தாக்கில் நீர் தேக்கப்பட்டது.

கொலை படையினரின் குற்றம், அணையின் குற்றமன்று. தக்க விலை கொடுத்துப் பெயர்த்திருப்பின் பழியில்லை என ஒருவர் வாதிக்கலாம். இவ்வாதம் எளிதிற் றள்ளத்தக்கதன்று. வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் மின்சாரம் வேண்டும். எவ்வூரும் ஒருபோதும் அசையலாகாதெனின் பொதுநன்மை எதுவும் நடவாது. இதனை யாம் மறுக்கிலேம். ஆயின் ஈதற்கு ஈவோன் ஒருவன் வேண்டும். தன் பொருளைத் தான் மனமிசைந்து விடுப்பது தியாகம். பிறன் பொருளை வலிந்து கொண்டு பின் விலை கொடுப்பினும், அது பறித்தலேயாம். இசைவோ, மறுக்க இயலுமிடத்தன்றிப் பிறவாது. மறுத்தவன் தலை போகும் நாட்டிலே, உடன்பட்டவன் உடன்பாட்டையும் எங்ஙனம் நம்புவது? ஆதலின் அக்கொலை அணைக்குப் புறம்பான செய்தியன்று. மறுக்கும் வாயை அடைத்த அதிகாரமே அணையையுங் கட்டிற்று.

வரவிலே செலவைக் கழித்தால் மிச்சம் இலாபம் என்று ஆசிரியராகிய நாம் கணக்குப் பாடத்திலே கற்பிக்கின்றோம். ஒருவனே தன் வரவுசெலவைப் பார்க்குமிடத்து அது சரி. வரவு ஒருவனுக்கும் செலவு வேறொருவனுக்குமாயின் மிச்சம் யாருடையது? நாட்டின் நன்மை என்று மேடையிற் பேசுவோர் இவ்வினாவிற்கு விடை கூறுவதில்லை.

பிழைத்தோருட் பலர் பாக்குஷ் என்னுங் குடியேற்றத்திலே, இராணுவ முகாமுக்கு அண்மையில் வாழவைக்கப்பட்டனர். 2012இலே அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், ரியோ நெக்ரோக் கொலைகட்கு குவாத்தமாலா அரசே பொறுப்பென்று தீர்த்தது. 2014இலே அந்நாட்டுச் சனாதிபதி மன்னிப்புக் கேட்டு, அணையால் இழந்த ஊர்களுக்கு 15 கோடிக்கு மேற்பட்ட டொலர் நட்டஈடு தருவதாக ஒப்பினார். ஆற்றங்கரையிலே அவர் முன்னோர் வழிபட்ட இடங்கள் நீரின்கீழ்க் கிடக்கின்றன.