பார்த்தெழுதும் பிள்ளை

முதல் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் 'படம்' என்ற சொல் ஒரு பக்கம் நிறைய வரிசை பிசகாமல் இருந்தால், அதற்கு அந்தச் சொல் தெரிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். நோட்டை மூடிவைத்து 'பட்டம்' எழுதச் சொல்லுங்கள். பல பிள்ளைகளின் பென்சில் அங்கே நின்றுவிடும். புது எழுத்து எதுவுமில்லை; ஒரு 'ட்' கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அழுத்தத்தைக் காதில் பிடித்து எழுத்தாக்கும் வேலையை நோட்டின் அந்தப் பக்கம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கை ஓர் உருவத்தை வரைந்து பழகியிருக்கிறது. பிள்ளை இன்னும் எழுதத் தொடங்கவில்லை. சிறு சொல்லைக் கற்பிப்பதில் நாம் செய்யும் பெரும்பிழை, பார்த்தெழுதுவதை எழுதுவதாகக் கணக்கில் கொள்வதுதான்.

எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும், தமிழில் ஆங்கிலம்போல ஸ்பெல்லிங் தொல்லை இல்லை என்பார்கள். பாதி உண்மை. 'பம்பரம்' என்பதில் முதல் பகரத்துக்கு ஓர் ஒலி, இரண்டாவதற்கு வேறோர் ஒலி, எழுத்து ஒன்றே. 'கொடி' என்பதில் ககரத்துக்குப் பின் ஒலிக்கும் ஒகரத்துக்கு, முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் போட வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா போன்றவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. உகர, ஊகாரக் குறிகளைத் தொடவில்லை. எனவே கு, சு, து, பு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. பேச்சில் 'தண்ணி', ஏட்டில் 'தண்ணீர்' என்பது தனிச் சிக்கல். இவற்றையெல்லாம் ஆயிரம் முறை பார்த்தெழுதினாலும் கடக்க முடியாது. கேட்டு, யோசித்து, தவறி, திருத்தித்தான் கடக்க முடியும்.

அந்தத் திருத்தத்துக்கு அருகில் ஒரு பெரியவர் வேண்டும். பனியன் தொழில் நகரமான திருப்பூரில் இந்தச் சிக்கல் கூர்மையாகிறது. பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நெருக்கும் நாட்களில் அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஷிப்டு பார்த்துத் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். வீட்டுப்பாடமாகப் பார்த்தெழுதக் கொடுப்பது இங்கே வசதியாகிவிடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, பக்கம் நிறைந்தால் போதும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ சுமை இரட்டிப்பு. இந்தி எழுத்தில் பகர வரிசைக்கு நான்கு தனி எழுத்துகள் உண்டு, தமிழில் ஒன்றே. பொருள் தெரியாத சொல்லை ஒலியும் பிடிபடாமல் வரைந்து தள்ளும் பிள்ளை, சுத்தமான நோட்டு வைத்திருக்கும் காரணத்தாலேயே ஆசிரியர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆகவே சிறு சொல் எழுதும் பயிற்சி வீட்டுக்குத் தள்ளிவிடும் வேலையல்ல. பள்ளி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை.

எந்தச் சொற்களில் தொடங்குவது? நியூசிலாந்தில் மாவோரி பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு பிள்ளையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு அட்டையில் எழுதிக்கொடுத்தார்; பிள்ளை சொந்தமாகக் கேட்டு வாங்கிய சொல் மறக்கவில்லை. திருப்பூர்ப் பிள்ளையிடம் கேட்டால் நூல், துணி, ஊசி, பஞ்சு, பட்டன் என்று வரலாம். நூவும் துவும் கடினமான வடிவங்கள், எளிய ட, ப, ம-வில்தானே தொடங்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்பார். நியாயம். அந்த ஏணியைக் கைவிடச் சொல்லவில்லை. எழுதுவது 'படம்', 'மடம்' என்று ஏறட்டும். பிள்ளை கேட்ட சொல் சுவரில் அட்டையாகத் தொங்கிக்கொண்டு, வாசிக்கப்பட்டு, தன் முறைக்குக் காத்திருக்கட்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பலரும் எதிர்க்க, 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்ட வரலாறு கொண்ட மண் இது. தொழிலாளி பிள்ளைக்குத் தொழிற்சாலைச் சொல்லா என்ற கேள்வி இயல்பாகவே எழும். அந்தத் திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுத் தொழிலுக்கு அனுப்பியது. நான் சொல்வது வீட்டுச் சொல்லைப் பள்ளிக்குள் அழைப்பது. 'ஊசி' என்று எழுதத் தெரிந்த பிள்ளை தையல் மெஷினில் உட்கார வேண்டியதில்லை. தன் வீட்டுப் பேச்சும் எழுதத்தக்கதே என்று அறிந்தால் போதும். அதன் பிறகு கடலும் யானையும் நிலாவும் தாமாக வரும்.

பிள்ளையைத் தவறு செய்ய விட்டால் தவறே பழகிவிடாதா என்ற அச்சமும் உண்டு. தவறை அப்படியே விட்டுவிட்டால் பழகும். அன்றே அருகில் உட்கார்ந்து பேசினால் பழகாது. 'பள்ளி'யை 'பல்லி' என்று எழுதிய பிள்ளை ஒலியைக் கேட்டு முயன்றிருக்கிறது. எங்கே திருத்துவது என்பதையும் நமக்குக் காட்டிவிட்டது. பிழையே இல்லாத பார்த்தெழுதிய பக்கம் எதையும் காட்டுவதில்லை. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கச் சொன்னது நல்ல தொடக்கம். ஆனால் நிலையைப் பிரிக்க நோட்டு போதாது, காது வேண்டும். ஆசிரியர்களே, தினமும் ஐந்து சொற்களை வாயால் சொல்லி எழுதவையுங்கள். பெற்றோர்களே, நோட்டில் எத்தனை பக்கம் நிறைந்தது என்று கேட்காதீர்கள். பார்க்காமல் எத்தனை சொல் எழுதினாய் என்று கேளுங்கள்.