காணாத சரக்கும் கடைக்காரர் நாணயமும்



துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கடைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். சிறிய கடை, முப்பதாண்டு வியாபாரம். அவருடைய மகன் சரக்குகளைக் கைபேசியில் படம் பிடித்துப் போட்டு, ஊர் ஊராக விற்று வருகிறான். மகனின் சுறுசுறுப்பைக் கண்டு தந்தை மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால், அன்று இருவருக்கும் மனத்தாங்கல். ஐந்து நட்சத்திரத்துடன் ஐம்பது பாராட்டுரைகள் எழுதித் தருவதாகவும், அதற்கு இன்ன தொகை என்றும் யாரோ ஒருவர் மகனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

"மற்றக் கடைக்காரர்கள் வாங்குகிறார்கள், அத்தா. நாம் சும்மா இருந்தால் நம் கடை யார் கண்ணிலும் படாது" என்பது மகனின் வாதம்.

"வேண்டாம் என்று மனம் சொல்கிறது. ஏன் என்று எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்" என்று தந்தை என் பக்கம் திரும்பினார். எனக்கும் அன்று சட்டென்று பதில் வரவில்லை. வீடு திரும்பிய பின் யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புதிய சாதனங்களைக் கற்காமல் ஒதுங்கி நிற்பது நாணயத்திற்கு அடையாளமாகாது. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரையும் இருப்பிடத்தையும் திறக்கும் நேரத்தையும் பதிந்துகொள்ள ஒரு காசும் செலவில்லை. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ், சரக்குப் பட்டியலை விலையுடன் வாடிக்கையாளர் கையில் கொண்டு சேர்க்கிறது. 2023 மார்ச்சில் சிங்கப்பூர், மலேசியா இரண்டின் கியூஆர் குறிகளும் இணைக்கப்பட்டன. அதில் பங்குபெறும் வங்கிகளின் வாடிக்கையாளர், எல்லை கடந்து வந்தும் தம் கைபேசியாலேயே விலை கொடுக்கலாம். பெரிய கடைத்தொகுதியில் வாடகை கொடுக்க வழியில்லாத சிறு வியாபாரிக்கு இவை பேருதவி. "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் தம் பிள்ளைகளிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொள்வது நல்லது.

முகம் பாராமல் வியாபாரம் செய்வதும் நமக்குப் புதிதன்று. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்த 1801-ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே, சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகள் கடல் கடந்து இங்கே வந்துகொண்டிருந்தன. அக்கரையில் இருப்பவர் அனுப்பும் சரக்கை நம்பி இக்கரையில் இருப்பவர் பேரம் முடிக்க வேண்டிய காலம் அது. சொல் தவறினால் மறு கப்பலில் சரக்கு வராது. இன்று கடிதத்தின் இடத்தில் கைபேசி வந்திருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று இரு பக்கத்திலும் இருந்தவர்கள் வியாபாரம் தெரிந்தவர்கள். ஒருவரையொருவர் விசாரித்து அறிந்தவர்கள். இன்று மறுபக்கத்தில் இருப்பவர், பெருநாளைக்குப் பிள்ளைக்குச் சட்டை வாங்கும் ஒரு தாய். அவருக்கு நம்மைத் தெரியாது.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. கடைக்கு வரும் வாடிக்கையாளர் துணியைத் தடவிப் பார்க்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அரிசியை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்க்கிறார். அவருடைய கண்ணும் கையும் அவருக்குக் காவல். நேராக இருக்கும்படி அவை நம்மையும் காவல் காக்கின்றன. கைபேசி வியாபாரத்தில் அந்த இரண்டு காவலும் இல்லை. அப்படியானால் வாங்குபவர் பார்க்க முடியாததால் விற்பவரின் பொறுப்பு குறைகிறதா, கூடுகிறதா?

கூடுகிறது என்பதே என் துணிபு. முன்பு இருவரும் பகிர்ந்துகொண்ட காவல் வேலை முழுவதும் இப்போது விற்பவர் ஒருவர் தலையில் விழுகிறது. வாங்குபவரின் கண்ணாகவும் நாமே இருக்க வேண்டியிருக்கிறது. "பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பட்டுமே" என்று சிலர் சொல்லக்கூடும். பன்னிரண்டு வெள்ளிச் சாமானைத் திருப்புவதற்காகப் பொட்டலம் கட்டி, அஞ்சலகம் போய் வரிசையில் நிற்க எத்தனை பேருக்கு நேரமிருக்கிறது? பலர் நட்டத்தை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். அவர்கள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமாகாது.

நம் முன்னோர் இதை எண்ணிப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. காணாமல் வாங்கியவர், சரக்கைக் கண்ட பின் ஏற்கவோ தள்ளவோ உரிமையுடையவர் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். சரக்கின் தன்மையையும் அளவையும் ஐயமின்றி விவரித்து, விலையை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் ஸலம் வியாபாரத்திற்கு ஷாபிஈ மத்ஹபும் இடம் தருகிறது. கண்ணில்லாத இடத்தில், ஒன்று திருப்பும் உரிமை வேண்டும். அல்லது தெளிவான சொல் வேண்டும். அங்காடியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்ட செய்தியை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் காணும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் அவர்கள் கேட்டார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். இன்று நாம் எடுக்கும் படம் அந்தக் குவியலின் மேற்பரப்பு. அதற்குள் கைவிட்டுப் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே ஈரத்தை நாமே மேலே எடுத்து வைக்க வேண்டும். முதல் சலவையில் சாயம் போகுமா? எழுதிவிடுங்கள். படத்தில் தெரிவதைவிட நிறம் மங்கலா? அதையும் எழுதிவிடுங்கள். 2022-இல் வந்த சாட்ஜிபிடி போன்ற எழுதும் இயந்திரங்கள் சரக்கை வருணித்துத் தரும். ஆனால் அந்த இயந்திரம் நம் துணியைத் தொட்டுப் பார்த்ததில்லை. அது எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நாமே பொறுப்பு.

இனி அந்த ஐம்பது பாராட்டுரைகளுக்கு வருவோம். கடைத் தராசு சட்டப்படி சோதிக்கப்பட்டு முத்திரையிடப்படுகிறது. முத்திரையை நம்பித்தான் வாங்குபவர் எடையை நம்புகிறார். கைபேசி வியாபாரத்தில் நட்சத்திரங்களே தராசு. முன்பின் அறியாதவர் அதைப் பார்த்துத்தான் கடையை எடை போடுகிறார். காசு கொடுத்துப் பாராட்டு வாங்குவது, தராசுத் தட்டை விரலால் அழுத்துவதற்குச் சமம். வாங்குபவர் மட்டும் ஏமாறுவதில்லை. பொய் சொல்லாத பக்கத்துக் கடைக்காரரின் பிழைப்பும் கெடுகிறது. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் இத்தகைய போலிப் பாராட்டுகளை விற்பதும் வாங்குவதும் விதிப்படி தடுக்கப்பட்டுள்ளன. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், சிங்கப்பூரின் 2003-ஆம் ஆண்டு நியாய வாணிபச் சட்டமும் வாங்குபவரைத் தவறான எண்ணம் கொள்ளச் செய்வதை ஏற்பதில்லை. ஆயினும் சட்டத்திற்கு அஞ்சி மட்டும் விலகுபவர், சட்டம் எட்டாத இடத்தில் மீண்டும் அதைச் செய்வார்.

"எல்லோரும் செய்யும்போது நான் மட்டும் எப்படிப் பிழைப்பது?" என்ற மகனின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வாடகை கட்ட வேண்டும். வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நேர்மையாக நடந்தால் உடனே லாபம் கொட்டும் என்று பொய் ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. சில மாதங்கள் பின்தங்க நேரலாம். ஆனால் செய்யக்கூடியவை இல்லாமற் போகவில்லை. உண்மையில் வாங்கிச் சென்ற வாடிக்கையாளரிடம் "உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்" என்று கேட்கலாம், அதில் வெட்கமில்லை. குறை கூறி எழுதியவருக்குப் பணிவாகப் பதில் எழுதி, குறையைத் தீர்த்துக் கொடுக்கலாம். குறையும் அதற்குரிய பதிலும் அருகருகே இருக்கும் கடையை, புகழ்ச்சி மட்டுமே நிறைந்த கடையைவிட விவரமறிந்தவர்கள் அதிகம் நம்புவார்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கடன் கணக்கெழுதும் 555 நோட்டுப் புத்தகத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். யார் எவ்வளவு பாக்கி என்பது அதில் இருக்கும். அதைக் கல்லாவின் அடியில் வைத்தோமே தவிர, அடுத்த வீட்டாருக்கு வாசித்துக் காட்டியதில்லை. இன்று வாடிக்கையாளரின் தொலைபேசி எண், முகவரி, வாங்கிய சாமான் யாவும் நம் கைபேசியில் இருக்கின்றன. அவர் சாமானைப் பெறுவதற்காகக் கொடுத்த எண், நம்மிடம் உள்ள அமானிதம். கேளாமல் அதை வேறொரு கடைக்குக் கொடுப்பதும், நூறு பேர் கூடிய குழுவில் சேர்ப்பதும் தகாது. தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்தை மலேசியா 2010-இலும் சிங்கப்பூர் 2012-இலும் இயற்றியிருக்கின்றன.

நண்பரின் மகனிடம் பிறகு நான் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, வாங்கியவர் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் நீ அவர் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள். தலை குனியாமல் நிற்க முடியுமானால், அந்தப் படத்தைப் போடு. அந்தச் சொல்லை எழுது. முடியாதென்றால் அழித்துவிடு."

அவன் அந்தப் பாராட்டுரைகளை வாங்கவில்லை. அந்த மாதம் விற்பனை கூடவும் இல்லை. ஆனால் துணியின் குறைகளையும் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறான் என்று தந்தை சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் மனத்தாங்கல் இல்லை. சாதனங்கள் இன்னும் பல வரும். வந்தவை மாறியும் போகும். எது வந்தாலும் கற்றுக்கொள்வோம். காணாதவருக்கும் கண்டவருக்குப் போலவே அளந்து கொடுப்போம்.