அஞ்சுவது குற்றமா?

வைகாசிப் பௌர்ணமிக்குச் சில நாட்கள் முன்னர், சித்தூர் அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். கூண்டில் விற்கப்படும் சில்லைக் குருவிகளை விலைகொடுத்து வாங்கி, திருநாளன்று வானில் பறக்கவிட அவர் எண்ணியிருந்தார். "ஆனால், கூண்டைத் திறந்து வைத்தாலும் சில குருவிகள் வெளிவர அஞ்சி மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றனவாமே! விடுதலையைக் கண்டும் அஞ்சுகின்ற உயிருக்கு நாம் செய்யும் உதவியால் பயன் உண்டா?" என்று கேட்டார்.

எளியதாகத் தோன்றினும் இவ்வினாவினுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. அச்சம் ஓர் உயிரின் குற்றமா என்பது ஒன்று. அஞ்சும் உயிருக்கு நாம் ஆற்றவேண்டிய கடமை யாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் முறையே ஆராய்வோம்.

சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதி செல்வோர் பாறையும் புதரும் செறிந்த குன்றுகளைக் காண்பர். அப்பால் உயர்ந்து நிற்கும் சேஷாசல மலைத்தொடர் 2010-ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அம்மலைகளில் மஞ்சள்தொண்டைக் கொண்டைக்குருவி என்னும் பறவை வாழ்கின்றது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளையன்றி உலகில் வேறெங்கும் அதற்கு வாழ்விடமில்லை. கல்லுடைப்பும் புதர் அழிப்பும் அதன் இருப்பைக் குறுக்கி வருகின்றன. அதன் நெருங்கிய உறவாகிய செம்புழைக் கொண்டைக்குருவியோ நம் வீட்டுத் தோட்டங்களில் கூடு கட்டுகின்றது. மனிதர் கொண்டு சென்ற பசிபிக் தீவுகளிலும் பெருகி, அங்குள்ள உயிர்களுக்கு இடையூறாகவே ஆகிவிட்டது. ஒரே குடியில் பிறந்த இருவருள் ஒருவர் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்கின்றார். மற்றவர் பிறந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்தால் வாழார். இவருள் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று வகுத்தல் தகுமோ?

புதியதைக் கண்டு பறவை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிய அறிஞர்கள் ஓர் எளிய சோதனை செய்வர். பறவை நாள்தோறும் இரையுண்ணும் இடத்தருகே, அது முன்பு கண்டிராத பொருள் ஒன்றை வைப்பர். ஒரு பறவை உடனே வந்து இரையைக் கொத்தும். மற்றொன்று கிளையில் அமர்ந்து நெடுநேரம் நோக்கிய பின்னரே இறங்கும். ஐரோப்பாவிலுள்ள பட்டாணிக்குருவிகளை நெதர்லாந்து அறிஞர்கள் ஐந்து செயற்கை மரங்கள் நிறுத்திய அறையில் விட்டுப் பார்த்தனர். சில விரைந்து எல்லா மரங்களையும் ஆராய்ந்தன. சில தயங்கித் தயங்கிச் சென்றன. பின்னர் அப்பறவைகளைக் காட்டில் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, 2004-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். துணிந்தவை எல்லா ஆண்டுகளிலும் வென்றுவிடவில்லை. தயங்கியவை எல்லா ஆண்டுகளிலும் மடிந்துவிடவும் இல்லை. உணவு மிகுந்த ஆண்டும் குறைந்த ஆண்டும் மாறிவர, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுவேறாக, ஒருகால் துணிவும் ஒருகால் தயக்கமும் உயிரைக் காத்தன. இரண்டும் தேவைப்பட்டமையால் அன்றோ இரண்டு இயல்புகளும் அவ்வினத்தில் நிலைத்து நிற்கின்றன?

அச்சத்தின்போது பறவையின் உடலுள் நிகழ்வதையும் அறிதல் நன்று. பறவையைக் கையில் பிடித்த மூன்று நிமிடங்களுக்குள் ஒரு துளி குருதி எடுத்தால், அதன் அமைதி நிலையை ஏறக்குறைய அறியலாம். அரைமணி நேரம் துணிப்பையில் வைத்திருந்து மீண்டும் எடுத்தால், கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் சுரப்பு அக்குருதியில் வெகுவாக உயர்ந்திருக்கும். புயல், குளிர், பகை ஆகியவை நேருங்கால் இச்சுரப்பே உடலில் சேர்ந்துள்ள ஆற்றலை எடுத்துக் கொடுத்து உயிர் காக்கின்றது. ஆயின், இடையூறு ஓயாமல் நீடித்தால் காத்த மருந்தே நஞ்சாகின்றது, நோயை எதிர்க்கும் வலிமை குன்றும், இனப்பெருக்கம் தடைப்படும். ஆகவே அச்சம் குற்றமன்று. அச்சம் ஓய்வதற்கு இடங்கொடாத வாழ்வே கேடு. வள்ளுவரும் அஞ்சத் தக்கதை அஞ்சுதலை அறிவுடையார் செயலாகவே வைத்தார்.

பறவையின் பாட்டும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது. 2015-ஆம் ஆண்டு திருப்பதியில் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பறவைகளை ஆராயும் அறிஞர் உளர். அவருள் ஒருவர் பங்குகொண்ட ஆய்வு ஒன்று 2016-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பெயரில் கிளியேனும் உண்மையில் சிறு பாட்டுப் பறவையாகிய வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளியைப் பற்றியது அது. பழமையான பள்ளத்தாக்குகளால் நெடுங்காலம் பிரிந்த கூட்டங்களின் பாட்டு வேறுபட்டிருந்தது. அண்மைக் காலத்தில் மனிதர் காட்டை அழித்தமையால் பிரிந்த கூட்டங்களின் பாட்டும் வேறுவகையில் மாறியிருந்தது. நாம் வெட்டிய மரத்தின் வடு பறவையின் குரலில் தங்கிவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் ஊர்கள் அடங்கியபோது, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வெண்முடிச் சிட்டுகளின் பாட்டை அறிஞர்கள் பதிவு செய்தனர். வாகன இரைச்சலை வெல்லக் கத்திப் பாடிய அச்சிட்டுகள், இரைச்சல் ஓய்ந்ததும் மெல்லப் பாடத் தொடங்கின. மெல்லப் பாடியும் அப்பாட்டு முன்னிலும் நெடுந்தொலைவு எட்டிற்று. அப்பறவைகளை எவரும் பயிற்றவில்லை. மனிதர் தம் இரைச்சலைக் குறைத்ததே போதுமானதாயிற்று.

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். திருநாளில் பறவையை விடுவிக்கும் வழக்கம் பௌத்த நாடுகள் பலவற்றில் உண்டு. அதன் பின்னுள்ள எண்ணம் தூயதே. ஆயினும் எண்வகை நெறியில் நற்காட்சியே முதலில் வைக்கப்பட்டது. நல்லெண்ணம் அதனை அடுத்தே நிற்கின்றது. உள்ளதை உள்ளவாறு காணாத நல்லெண்ணம், தான் காக்க விழைந்த உயிரையே துன்புறுத்தக் கூடும். நாம் ஒரு கூண்டை வாங்கினால், வலை விரிப்பவர் மறுநாள் மீண்டும் காட்டுக்குச் செல்வார். நாம் விடுவிக்கும் பத்துக் குருவிகளுக்காக வலையிலும் கூண்டிலும் எத்தனை மடிந்தனவோ! எஞ்சியவையும் பசியாலும் நெரிசலாலும் நலிந்து, தாம் அறியாத ஊரின் நடுவே விடப்படுகின்றன. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதைத் தடுத்துள்ளது. ஆதலின் வாங்காதிருத்தலே முதல் அறம். விற்பனையைக் கண்டால் வனத்துறையினர்க்கு அறிவித்தல் அடுத்த அறம். அக்காசைக் கொண்டு வீட்டு முற்றத்தில் நீர்த்தொட்டி ஒன்று அமைக்கலாம். கோடையில் குன்றுப் புதருக்குத் தீ வைப்பதைத் தடுக்க முயலலாம். இச்செயல்களைக் கண்டு புகழ்வோர் இல்லாமற் போகலாம். உயிர்களுக்கு நன்மை விளைவது உறுதி.

திறந்த கூண்டில் ஒடுங்கிய பறவையைக் கோழை என்று இகழ நமக்கு உரிமையில்லை. கை நீண்டபோதெல்லாம் துன்பமே கண்ட உயிர், மீண்டும் ஒரு கை நீளும்போது அஞ்சாமல் வேறென் செய்யும்? நம் இல்லங்களிலும் இதனைக் காண்கின்றோம். இளையோர் புதிய நெறியை விரைந்து தழுவினர். அவர்தம் வீட்டு மூதாட்டியோ பழைய விளக்கை மாடத்திலிருந்து அகற்ற அஞ்சி நிற்கின்றார். அவரை நகையாடுவோரும் கடிந்துரைப்போரும் நம்முள் உண்டு. அவ்வச்சத்தை அவர் உள்ளத்தில் விதைத்தது எத்தனை தலைமுறைத் துன்பம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக!

அன்பர்களே, அஞ்சுவோரைப் பிடித்து இழுத்தல் விடுதலையன்று. கதவைத் திறந்து வைத்து, இரைச்சலை அடக்கி, சற்றே விலகி நின்று காத்திருப்போம். அவ்வுயிர் தன் பொழுதில் தானே வெளிவரும்.