ஏடனில் திரும்பிய பெட்டிகள்

‘பரிக்ரஹம்’ என்ற வடசொல்லுக்கு ‘நாற்புறமும் பற்றிக்கொள்ளுதல்’ என்பது பொருள். அவ்வாறு பற்றாதிருத்தல் அபரிக்ரஹம். பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் கூறும் ஐந்து யமங்களுள் இது இறுதியானது. மற்ற நான்கையும் முயன்று கடைப்பிடிப்பவர்கூட இதில் இடறுவதுண்டு. பொய்யும் களவும் தவறு என்பது உடனே புலப்படுகிறது. பெட்டியில் ஒரு போர்வை கூடுதலாக இருப்பது தவறாகத் தோன்றுவதில்லை.

1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது கைதான காந்தியடிகள் புனே நகரின் எரவாடா சிறையில் வைக்கப்பட்டார். அங்கிருந்து ஆசிரம விரதங்களை ஒவ்வொன்றாக விளக்கி, சபர்மதி ஆசிரமத்தினருக்கு வாரந்தோறும் கடிதம் எழுதினார். செவ்வாய்க்கிழமைகளில், காலைப் பிரார்த்தனைக்குப் பின் எழுதப்பட்டவை ஆதலால் அத்தொகுப்பு ‘மங்கள பிரபாதம்’ எனப் பெயர் பெற்றது. ஆகஸ்ட் 26 அன்று எழுதிய கடிதம் அபரிக்ரஹத்தைப் பற்றியது. தேவையற்ற பொருளை வைத்திருப்பது களவுக்கு ஒப்பானது. நாளைக்கென்று சேர்ப்பது இறைவனிடம் நம்பிக்கை குறைந்ததன் அடையாளம். இவ்வுடலும் ஓர் உடைமையே. இறைவனிடமிருந்து நம்மை விலக்கும் எண்ணங்களும் வேண்டாத சுமையே என்பது அதன் சாரம்.

சிறையில் எழுதிய இக்கருத்துக்கு ஓராண்டு கழித்துக் கடலில் ஒரு சோதனை வந்தது. இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தியடிகள் 1931 ஆகஸ்ட் 29 அன்று பம்பாயில் ‘ராஜபுதானா’ கப்பலில் ஏறினார். மகாதேவ் தேசாய், பியாரேலால், தேவதாஸ், மீராபென் ஆகியோர் உடன் சென்றனர். பயணம் இரண்டாம் வகுப்பில்தான். ஆனால் உடன் வந்தவர்களின் பெட்டிகளோ அளவுக்கு மிஞ்சியிருந்தன. ஐரோப்பாவின் குளிரை எண்ணி நண்பர்கள் அன்போடு பலவற்றைக் கொடுத்திருந்தனர். அவற்றைக் கண்ட காந்தியடிகள் வருந்தினார். ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்டார். ஏழை மக்களின் சார்பில் செல்பவர்களுக்கு இத்தனை பெட்டிகள் தகுமா என்பதே அவர் உள்ளத்தை வாட்டிய கேள்வி. முடிவில் ஏழு பெட்டிகள் ஏடன் துறைமுகத்திலிருந்து தாயகத்துக்கே திரும்பின. இதை மறைக்காமல் எழுதி வைத்தவர் மகாதேவ் தேசாயே.

அவர்கள் யாவரும் ஆசிரம வாழ்வில் பழகியவர்கள். அவர்களிடம் பரிக்ரஹம் எவ்வழியாக நுழைந்தது? ஆசையின் வழியாக அன்று. அன்பின் வழியாகவும், முன்னெச்சரிக்கையின் வழியாகவும் நுழைந்தது. ‘நான் கேட்கவில்லை, அவர்களே கொடுத்தார்கள்’ என்றும், ‘ஒருவேளை தேவைப்படலாம்’ என்றும் மனம் நமக்காக வாதாடுகிறது. வீடு மாறும்போது பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களை மறுபடியும் புதிய வீட்டுப் பரணில் ஏற்றுபவர்கள் இவ்விரு வாதங்களையும் நன்கு அறிவார்கள்.

அபரிக்ரஹம் என்பது பொருள்களை வெறுப்பதன்று. காந்தியடிகளின் இராட்டைகள் ஏடனில் திரும்பவில்லை. கடமைக்கு வேண்டியவை உடன் சென்றன. செப்டம்பர் 11 அன்று மார்சேய் துறைமுகத்தில் சுங்க அதிகாரியிடம் அவர் தம் உடைமைகளை எடுத்துரைத்தார். இராட்டைகள், சிறையில் பயன்படுத்திய பாத்திரங்கள், ஆட்டுப்பால் குவளை, கதர் வேட்டிகள், துண்டுகள் என்று அடுக்கியவர், கடைசியில் தமக்குள்ள நற்பெயரையும் சேர்த்து, அதற்குப் பெரிய மதிப்பில்லை என்றார். நகைச்சுவையாகச் சொன்னாலும் இது ஆழ்ந்த சாதனை. பெட்டிகளைத் துறந்தவரிடமும் ‘நான் துறந்தேன்’ என்ற பெட்டி ஒன்று எஞ்சியிருக்கும். அதையும் கணக்கில் காட்டி, விலையற்றது என்று ஒதுக்கினால்தான் துறவு நிறைவுபெறும்.

கடல் வணிகத்தால் குவிந்த செல்வத்தைக் காது முறிந்த ஓர் ஊசியைக் கண்டு ஒரே கணத்தில் துறந்தார் பட்டினத்தடிகள். அத்தகைய பக்குவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நாம் ஒவ்வொரு பெட்டியாகத்தான் இறக்க வேண்டும். ‘இது என் கடமைக்கு வேண்டியதா? இது இன்று யாருக்கேனும் பயன்படுமா?’ என்று கேட்டு, வாரம் ஒரு பொருளையாவது அது தேவைப்படுபவரிடம் சேர்க்கலாம். இதுவே எளிய தொடக்கம்.

1942 ஆகஸ்ட் 9 அன்று கைதான மகாதேவ் தேசாய் அதே புனே நகரின் ஆகாகான் மாளிகையில் காந்தியடிகளுடன் காவலில் இருந்தார். ஆறாம் நாள், ஆகஸ்ட் 15 அன்று, திடீரென உயிர் நீத்தார். அவரது உடலைக் காந்தியடிகள் தம் கைகளாலேயே நீராட்டினார். அந்த இறுதிப் பயணம் நம் அனைவருக்கும் உண்டு. புறப்படும் நாளை அது முன்கூட்டி அறிவிப்பதில்லை. வழியில் இறக்கிவைக்க ஏடன் போன்ற துறைமுகமும் அதில் இல்லை. திருப்பி அனுப்ப வேண்டியவற்றை இன்றே அனுப்பிவிடுவோமாக.