வீடு விற்கையில் வக்கீலின் கடமை யாது?

வீட்டை விற்க எண்ணுகிறவர் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் வக்கீலிடம் போகிறார். "எப்படியாவது கிரயம் முடிந்தால் போதும்" என்கிறார். கட்டணம் கொடுப்பவர் சொல்வதெல்லாம் செய்வதுதான் வக்கீலின் கடமையா? சற்றே சிந்தியுங்கள்.

கேள்வி பழையதே. கி.மு. 44-ல் ரோமாபுரி வக்கீல் சிசரோ, கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலில் ஒரு வழக்கைச் சொல்கிறார். ஒருவருடைய வீட்டின் உயர்ந்த பாகங்களை இடிக்கும்படி உத்தரவாயிற்று. அவர் அதை மறைத்து வீட்டை விற்றுவிட்டார். தெரிந்த குறையைச் சொல்லாது விற்றவரே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று நடுவர் தீர்த்தார். நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் அறிய முடியாத உரிமைக் குறையை, அறிந்தும் மறைப்பது மோசடி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கீழ்பென்னாத்தூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத் தலைவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, இரு மகன்கள், சேத்துப்பட்டில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு. வீடு 9 லட்சத்துக்குப் போனால் தாயாருக்கு 3 லட்சம். மகள் உட்பட ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 லட்சம். "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்பதால் அவள் பங்கு அழிந்துவிடாது.

கட்சிக்காரரின் இரகசியத்தை வக்கீல் வெளியிடலாகாது என்பீர்கள். மெய்தான். ஆயினும் இரகசியத்தைக் காப்பது வேறு, பொய்யைப் பத்திரமாக்குவது வேறு. "எங்களைத் தவிர வேறு வாரிசு இல்லை" என்று எழுதக் கேட்டால் அவர் மறுத்தேயாக வேண்டும். அவ்வாறு மறுப்பவர் உங்கள் பகைவரல்லர். நாளைய வழக்கிலிருந்து உங்களைக் காப்பவர்.

பதிவாகிவிட்டால் கவலையில்லை என்றும் எண்ணாதீர்கள். விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பது பதிவு அதிகாரியின் வேலையன்று என 2025-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

ஆகவே, வக்கீல் வீட்டுக்குப் போகுமுன் உடன்பிறந்தாள் வீட்டுக்குப் போங்கள். அவளும் கையெழுத்திடட்டும், பங்கைப் பெறட்டும். வேண்டாமென்றால், யாருடைய வற்புறுத்தலுமின்றி அவளே விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். கட்டணம் கொடுத்து வக்கீலின் அறிவைப் பெறலாம். நம் மனச்சாட்சியின் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்க முடியாது.