அதிகாரம் எங்கே இருக்க வேண்டும்?

பொது நலனுக்கான முடிவை எடுக்க வேண்டியவர் யார்? தொலைவில் உள்ள தலைநகரா, துன்பத்தின் அருகில் வாழும் ஊரா? ஆட்சியியல் கேள்வியாகத் தோன்றினும் இது அடிப்படையில் ஓர் அறநெறிக் கேள்வியே ஆகும்.

பிரெனீஸ் மலைத்தொடரில் செர்தான்யா என்னும் உயர்ந்த பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. 1659-இல் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கை அதனை இரண்டாகப் பிளந்தது. கைமாறியவை கிராமங்கள் மட்டுமே என்பதால், நகரத் தகுதி பெற்றிருந்த லிவியா இன்றும் பிரெஞ்சு மண் சூழ்ந்த ஸ்பானியத் தீவாகவே நிற்கிறது. கோடு கிழித்தவர்கள் அங்கு வாழ்ந்தவர்கள் அல்லர். அதன் சுமையைச் சுமந்தவர்களோ அங்கு வாழ்ந்தவர்களே. பிரெஞ்சுப் பகுதியினருக்கு அவர்கள் நாட்டுப் பெரிய மருத்துவமனை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைச்சாலைக்கு அப்பால், பெர்பின்யான் நகரில் இருந்தது. பேறுகால வேதனையில் இருக்கும் தாய்க்குப் பனிக்காலத்தில் அது எத்துணை நெடிய வழி!

2014-இல், எல்லையை ஒட்டி ஸ்பெயின் பக்கம் உள்ள புச்செர்தா நகரில், இரு நாட்டாருக்கும் பொதுவான மருத்துவமனை திறக்கப்பட்டது. கட்டலோனிய வட்டார அரசும் பிரெஞ்சு நலத்துறையினரும் கைகோத்தனர். கட்டுமானச் செலவில் பெரும் பங்கை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது. எல்லை கடந்த இத்தகைய கூட்டமைப்புகள் சட்ட உருப்பெற, ஒன்றியம் 2006-இல் இயற்றிய விதி வழிசெய்திருந்தது.

ஆயினும், அங்கே பிறந்த பிரெஞ்சுக் குழந்தையைப் பதிவு செய்வதிலும், இறந்தவர் உடலை எல்லைக்கு அப்பால் கொண்டு செல்வதிலும் இடர்கள் எழுந்தன. மருத்துவர்கள் திறந்த கதவின் மறுபாதியைத் தலைநகரங்களின் சட்டமே திறக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் துணைமைக் கோட்பாட்டின் முழுப்பொருள் விளங்குகிறது. சிறிய சமூகம் தானே ஆற்றக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி எனத் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1931-இல் தம் சமூகச் சுற்றுமடலில் உணர்த்தினார். 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை அதே கோட்பாட்டை ஒன்றியத்தின் பொது நெறியாக்கியது. இலத்தீனில் அச்சொல்லின் வேர்ப்பொருள் 'உதவி' என்பதாகும். எனவே, பறித்துக்கொள்ளாதிருத்தல் அதன் பாதியே; சிறியவரால் இயலாதபோது துணை நிற்றல் மறுபாதி. 'உங்கள் ஊர், உங்கள் பாடு' என்று விலகி நிற்பதும் பறிப்பதைப் போன்றதொரு தவறே அன்றோ?

அருகில் இருப்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடுவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. ஊரும் தன் கதவை அயலாருக்கு அடைத்துவிடக்கூடும். ஆகவே அதிகாரத்தை அளக்க வேண்டிய கோல் அதன் உயரமோ அண்மையோ அன்று. வேதனையுறும் தாய்க்கு அது வழிவிடுகிறதா என்பதே.