முந்திச் செல்ல விலை உண்டா?

வேலூரை அடுத்த திருமலைக்கோடியில் 2007இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீபுரம் பொற்கோயிலில், நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் அம்மனைப் பார்க்கலாம். வழிநெடுக அறிவுரைப் பலகைகள். அங்கே நடையும் வழிபாட்டின் பகுதி.

வரிசையில் காத்திருப்பதும் அப்படித்தான் என்றால், அதைக் காசு கொடுத்துக் குறைக்கலாமா? டிஸ்னி பூங்காக்களில் காத்திருப்பைக் குறைக்க 1999இல் இலவசமாக வந்த ஃபாஸ்ட்பாஸ் முறையின் இடத்தை 2021இல் கட்டண முறை பிடித்தது. ராட்டினத்துக்கு அது பொருந்தலாம். திருப்பதி திருமலையிலோ 300 ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு வரிசை, இலவச தரிசனத்துக்கு வேறு வரிசை.

மாறாக, ஆம்பூர்ப் பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தோல் தொழிற்சாலை முதலாளியும் தோல் பதனிடும் தொழிலாளியும் தோளோடு தோள் நிற்கிறார்கள். முன்வரிசை முந்தி வந்தவருக்கு. அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காருவதை நபிமொழி தடுக்கிறது.

முதியவர், கைக்குழந்தைக்காரர், நோயாளி முன்னே போகட்டும், அது கருணை. பணம் அத்தகைய காரணம் ஆகாது. கட்டணத்தால் கோயிலுக்கு வருமானம் என்பார்கள்; உண்டியலும் நன்கொடையும் அதற்குத்தானே? கூட்ட நெரிசலுக்கும் வழி இருக்கிறது: திருப்பதியிலேயே நேரம் குறித்த இலவச தரிசன டோக்கன் தருகிறார்கள். கட்டண வரிசை வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் கோயில்கள் முதலில் இதைப் பின்பற்றலாம்.